மாசி வந்தால் துடைப்பம்

தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். பத்து மாதம் பரம சாது. மாசி பிறந்ததோ இல்லையோ, இலையைக் கொட்ட ஆரம்பித்துவிடும். கோடைக்கு முன்னால் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்கிறதாம். மரத்துக்குச் சிக்கனம், எனக்கு இடுப்புவலி! அமெரிக்காவில் அக்டோபரில் உதிர்ந்தால் காலண்டரில் படம் போடுகிறார்கள். நம் ஊரில் உதிர்ந்தால் குப்பை.

காலை ஆறு மணிக்குத் தென்னந்துடைப்பத்தோடு இறங்குவேன். பெருக்கி நிமிர்வதற்குள் ஆரம்பித்த இடத்தில் மறுபடி மஞ்சளாய் இலை.

"பெருக்குறீங்களா, மரத்தோட பேசிட்டிருக்கீங்களா?" என்பாள் மனைவி, காபியை நீட்டியபடி. ரிட்டயரானவனுக்கு இந்த மரியாதை போதாதா?

அப்புறம் தெரு ஓரமாய்க் குவித்து ஒரு தீக்குச்சி. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. 'வேப்பம்புகை, கொசு ஓடிடும்' என்று எனக்கு நானே சர்டிபிகேட் வேறு!

போன வருஷம் மாசியில் ஒருநாள், பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டுச் சுவரோரம் வந்து நின்றார்கள். எண்பதை நெருங்கும் வயசு. முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இந்த ஒரு மாசமும் நான் ஜன்னலே திறக்கிறதில்லை. ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்குது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாலு வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்."

நாலு வருஷம்! எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி தெருவில் குப்பை கொளுத்துவதே தப்பு என்று அப்புறம் மகன் சொன்னான். எனக்கு அந்த முந்தானையே போதுமாக இருந்தது.

கொல்லையில் மூன்றடிக் குழி வெட்டி, சருகைக் கொட்டி மூடினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால்... போட்டது போட்டபடி! பால்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வெறும் சருகு எப்படி சார் மக்கும்? சாணி வேணாமா, ஈரம் வேணாமா?"

விஷயம் அதுதான். காய்ந்த இலையில் கார்பன் அதிகம், நைட்ரஜன் குறைச்சல். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு இரண்டும் வேண்டும். ஓர் அடுக்கு சருகு, ஓர் அடுக்கு காய்கறித் தோல், மேலே சாணிக்கரைசல், பத்து நாளைக்கு ஒருதரம் கிளறல். புரட்டாசியில் அள்ளினால் கறுப்பாய், மழை பெய்த மண் வாசனையோடு உரம். முதல் பக்கெட் பக்கத்து வீட்டு ரோஜாத் தொட்டிக்குப் போயிற்று.

இந்த மாசியில் அவர்கள் ஜன்னல் திறந்தேயிருந்தது. ராத்திரி பத்தரை வரை அதன் வழியே டி.வி. சீரியல் அலறல்.

எப்படிச் சொல்வது? நாலு வருஷம் யோசிக்கலாம் என்றிருக்கிறேன்.