நிலத்தின் பழைய கணக்கு

கோடை முற்றினால், டெக்சாஸில் டல்லாஸ் அருகேயுள்ள காப்பெலில் பல வீடுகளில் செடிக்கு மட்டுமில்லாமல் அஸ்திவாரத்துக்கும் தண்ணீர் விடுகிறார்கள். சுவரோரமாகத் துளைக் குழாயைப் படுக்க வைத்து மண்ணை ஈரமாகவே வைத்திருப்பார்கள். டல்லாஸ் வட்டாரத்தில் கரிசல் அதிகம். மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். கோவில்பட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்! அங்கே போலவே இங்கும் ஒரு காலத்தில் பருத்திதான். இன்று டெக்சாஸ் பருத்தியைப் பெருமளவில் பார்க்க வேண்டுமானால், மேற்கே ஐந்து மணி நேரம் கார் ஓட்டி லபக் பக்கம் போக வேண்டும்.

அங்குள்ள பருத்தி விவசாயிக்கு அமெரிக்க அரசு தரும் விலை மானியம் விசித்திரமான கணக்கு. இந்த ஆண்டு அவர் என்ன விதைத்தார் என்று அது கேட்பதில்லை. நிலம் முன்பு என்ன விளைவித்தது என்றே கேட்கிறது. அந்தப் பழைய சாகுபடிப் பதிவுக்கு 'அடிப்படை ஏக்கர்' என்று பெயர். பருத்திப் பதிவுள்ள நிலத்தில் இப்போது சோளம் நின்றாலும், பருத்தி விலை சரிந்தால் பருத்திக்கான பணம் வரும். பணத்துக்காகவே ஒரு பயிரை விதைத்துச் சந்தையை நிரப்பிவிடக் கூடாது என்ற முன்யோசனை இது.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பருத்தியின் விலை. நம் ஊர் விவசாயி கொட்டையோடு விற்பது பருத்தி. கொட்டை நீக்கினால் பஞ்சு. டெக்சாஸ்காரர் அரவை ஆலையில் இரண்டையும் பிரித்து, பஞ்சைத் தனியாகவும் கொட்டையைத் தனியாகவும் விற்கிறார். ஆனால் மானியச் சட்டம் பேசுவது கொட்டையோடு சேர்ந்த பருத்தியைப் பற்றி. அங்கே அதற்குச் சந்தையே கிடையாது! பஞ்சு விலையையும் கொட்டை விலையையும் எடைக்கேற்பக் கலந்து, காகிதத்திலேயே ஒரு விலையை உருவாக்குகிறார்கள்.

ஏன் இந்தச் சுற்று வழி? அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்து 2002-இல் பிரேசில் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வென்றது. 2014-இல் பஞ்சு மானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா வழக்கை முடித்துக்கொண்டது. 2018-இல் பஞ்சு கொட்டையோடு சேர்ந்து, புதுப் பெயரில் பட்டியலுக்குத் திரும்பியது. சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 சட்டப்படி ஆதார விலை பவுண்டுக்கு 42 சென்ட். சந்தைச் சராசரி 38 என்று வைத்துக்கொண்டால் குறைவு 4 சென்ட். 100 அடிப்படை ஏக்கரில் 85-க்குத்தான் பணம். பதிவிலுள்ள மகசூல் ஏக்கருக்கு 1,000 பவுண்டு என்றால், 85,000 பவுண்டுக்கு 3,400 டாலர். மீதி 15 ஏக்கரில் காய்கறி போட்டாலும் இதில் ஒரு சென்ட் குறையாது. ஆனால் பொறுமை வேண்டும்: ஆண்டு முழுவதற்குமான சராசரி விலை தெரிந்தால்தான் கணக்கு முடியும். 2025 பருத்திக்குப் பணம் 2026 அக்டோபர் முதல்தான்.

நெல்லானாலும் வாழையானாலும் ஆண்டுக்கு மூன்று தவணையாக ஒரே 6,000 ரூபாய் தரும் நம் பிஎம் கிசான் திட்டத்தோடு ஒப்பிட்டால், இது வேறு உலகம்.

இந்தப் பழைய கணக்கு அழிவதும் உண்டு. வயலை மனைகளாகப் பிரித்து வீடு கட்டிவிட்டால், அந்த அடிப்படை ஏக்கர் பதிவேட்டிலிருந்து கழிக்கப்பட்டுவிடும்.