மலை ஏறும் காருக்கு எந்த “பிளக்”?

விரல் நீளம்தான் இருக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அது கெட்டால், பல லட்ச ரூபாய் கார் மலைப் பாதையில் திணறி நின்றுவிடும். அதுதான் “ஸ்பார்க் பிளக்”!

தேனி மாவட்டத்துக்கு மலைப் பயணம் புதிது அல்ல. லோயர் கேம்ப்பைத் தாண்டினால் குமுளி ஏற்றம். கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு ஏற்றம். போடியில் இருந்து போடிமெட்டு ஏற்றம். ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது.

ஆனால் இப்போது குடும்பங்கள் வாங்கும் சிறிய கார்களில், “டர்போ” பெட்ரோல் கார்களும் உண்டு. இவற்றில் சில தமிழ்நாட்டிலேயே தயாராகின்றன. 2019-ல் ஹூண்டாய் “வென்யூ”, 2020-ல் நிசான் “மேக்னைட்” ஆகியவை டர்போ என்ஜினுடன் வெளிவந்தன. இரண்டிலும் அந்த என்ஜின் 1 லிட்டர்தான். சிலிண்டர் மூன்று. ஆகவே பிளக்கும் மூன்று.

டர்போ என்பது என்ன?

லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் இருக்கிறது. மலையில் இருந்து குழாய் வழியாகப் பாய்ந்து வரும் தண்ணீர், அங்கே சக்கரத்தைச் சுற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது.

டர்போவும் அது போலத்தான். இங்கே தண்ணீருக்குப் பதில் புகை! என்ஜினில் இருந்து வெளியேறும் சூடான புகை, ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலைக் கூடுதலாக எரிக்கலாம். சக்தி பெருகும்.

உயரம் கூடக்கூட காற்றின் அடர்த்தி குறையும். சாதாரண என்ஜின் அங்கே சோர்ந்து போகும். டர்போ என்ஜின் சமாளித்துக்கொள்ளும்.

சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி, 1905-ல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1962-ல் அமெரிக்காவில் டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன.

பொறிக்கு வரும் சோதனை

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு பிளக்கும் ஒரு வினாடிக்கு 25 தடவை பொறி விட வேண்டும்!

பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள் உண்டு. நடுவில் சிறு இடைவெளி. அதைத் தாண்டித்தான் மின்பொறி பாய்கிறது. டர்போவில் காற்று நெருக்கி அடைக்கப்படுவதால், பொறி தாண்டுவது கடினம். எனவே பல டர்போ என்ஜின்களில் இந்த இடைவெளி 0.7 அல்லது 0.8 மில்லி மீட்டர்தான். டர்போ இல்லாத கார்களில் 1 மில்லி மீட்டருக்கு மேலும் இருப்பது உண்டு.

இடைவெளி அதிகமானால் என்ன ஆகும்? சமதளத்தில் கார் நன்றாகவே ஓடும். ஆட்களும் சாமான்களும் ஏறி, மலையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், பொறி தவறும். வண்டி குலுங்கும். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போகும். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கருவி சூடேறிக் கெடும்.

தோசைக்கல் போல!

கல் சூடாகாவிட்டால் தோசை ஒட்டும். மிகவும் சூடானால் கருகும். பிளக்குக்கும் அப்படி ஓர் அளவு உண்டு.

பிளக்கின் நுனி சுமார் 500 டிகிரி முதல் 850 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கரி படியும். மிகவும் கூடினால், நுனியே நெருப்புத் துண்டாகிவிடும். பொறி விழும் முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அதனால் பிஸ்டனே உருகி ஓட்டை விழலாம்.

அதனால் டர்போ என்ஜினுக்கு, சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் பிளக்கைப் பொருத்துகிறார்கள். மெக்கானிக்குகள் இதை “கோல்டு பிளக்” என்பார்கள். அதற்காக, “மலைக்குப் போகிறோம். இன்னும் குளிர்ச்சியான பிளக் போடுவோம்” என்று நினைப்பது தவறு. அதே கார் மற்ற நாட்களில் தேனி கடைவீதியில் மெல்ல ஊர்ந்து போகும். அப்போது கரி பிடித்துவிடும். இரண்டுக்கும் பொருந்தும்படி பார்த்துத்தான், கார் கம்பெனி ஒரு எண்ணைக் குறித்திருக்கிறது.

எண்ணில் எச்சரிக்கை!

பிளக்கில் உள்ள எண், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடு. ஒரு கம்பெனியின் எண்ணை வைத்து இன்னொரு கம்பெனி பிளக்கை வாங்கக் கூடாது.

உலோகமும் முக்கியம். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். பிளாட்டினம் 1,768 டிகிரியில் உருகும். இரிடியம் 2,446 டிகிரி வரை தாங்கும். அதனால் இரிடியம் முனையை ஊசி போல மெல்லியதாகச் செய்ய முடிகிறது. பொறியும் எளிதில் பாய்கிறது. தேய்மானமும் குறைவு. ஆனால் இரிடியம் போட்டதால் மட்டும் என்ஜினின் சக்தி பெருகிவிடாது.

மாற்றும்போது...

என்ஜின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். முதலில் கையால் திருகி, பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். கீழே விழுந்த பிளக்கைப் பொருத்தக் கூடாது. பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். இரிடியம் முனையைக் கம்பி பிரஷால் தேய்க்கக் கூடாது.

கழற்றிய பிளக்கையும் பார்க்க வேண்டும். நுனி இளம் பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். கருப்பாகக் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் மிகவும் குளிர்ச்சி. எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் சூடு அதிகம். அந்த நிலையில் மலை ஏறுவது ஆபத்து.

சரியான பிளக் எண்ணும், எத்தனை கிலோ மீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற கணக்கும், காருடன் கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். கடையில் அதைக் காட்டி, பில்லுடன் வாங்குவதே நல்லது.