உங்களுக்குத் தெரியுமா? சேது வழியின் கடைசி நடை
1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும்வரை, காசியிலிருந்தே நடந்து வந்தவரும் கடைசியில் படகேறித்தான் இராமேசுவரம் சேர வேண்டியிருந்தது. அந்தப் படகுத்துறையை எட்டுவதுதான் பெரும்பாடு. இராமநாதபுரம் தாண்டினால் பனங்காடும் மணலும். கால் புதையும், நாக்கு வறளும். சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிச் சோறு போட்டது சும்மா இல்லை! தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி இதே யாத்திரிகர்களுக்காக ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. இன்று படகு வேண்டாம்: பாம்பனில் 1988 முதல் சாலைப் பாலமும் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் ஒதுங்க நிழல் கிடையாது, கடற்காற்று தோள் துண்டைப் பறித்துவிடும். நடந்து போவதானால், தண்ணீரைப் பாலத்துக்கு முன்னுள்ள மண்டபம் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறுமுன் பாலத்தைக் கடந்துவிடுங்கள்.