எஞ்சினில் தீப்பிடித்தால் விமானிக்கு எப்படித் தெரியும்?

டுரியான் துங்கால் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பத்து பெரண்டாம் விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. சென்னைக்கோ திருச்சிக்கோ போக வேண்டுமென்றால் கோலாலம்பூரில் விமானம் ஏறுகிறோம். விமானப் பயணம் பழகிவிட்டது. ஆனால் இறக்கையோர ஜன்னலில் உட்காருபவர் மனத்தில் ஒரு பயம் எட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை. 'இந்த எஞ்சின் தீப்பிடித்தால் என்ன ஆகும்?'

பெரும்பாலான பயணிகள் விமானங்களில், விமானியின் இருக்கையிலிருந்து எஞ்சினைப் பார்க்க முடியாது. அவருக்குக் கண்ணாக இருப்பது எஞ்சினைச் சுற்றி ஓடும் மெல்லிய உலோகக் குழாய். ஒரு வகைக் குழாயில் ஹீலியம் வாயு அடைக்கப்பட்டிருக்கும். சூடேறினால் வாயு விரியும், அழுத்தம் கூடும், அந்த அழுத்தம் ஒரு மின்விசையைத் தட்டிவிடும். இன்னொரு வகையில், குழாய்க்குள் இருக்கும் பொருள் சூட்டில் மின்சாரத்தை எளிதாகக் கடத்தத் தொடங்கும்.

பொதுவாக இப்படி இரண்டு சுற்றுகள் பக்கம் பக்கமாக ஓடும். இரண்டும் 'தீ' என்று சொன்னால்தான் எச்சரிக்கை வரும். ஒன்று பழுதானால் மற்றொன்றின் சொல்லே போதும். பொய் மணி அடித்து நல்ல எஞ்சினை நிறுத்திவிடக் கூடாது, உண்மைத் தீயைத் தவறவிடவும் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

சிவப்பு விளக்கு எரிந்து மணி ஒலித்ததும் விமானி முதலில் செய்வது தீயணைப்பு மருந்தைப் பாய்ச்சுவதல்ல. தீக்குத் தீனி போடுவதை நிறுத்துவது. வீட்டு அடுப்பில் தீ மூண்டால், முடிந்தால் முதலில் கேஸ் தோம்பை மூடச் சொல்கிறோம் அல்லவா? அதே கதைதான். எஞ்சினின் விசை குறைக்கப்பட்டு, எரிபொருள் நிறுத்தப்படுகிறது. பிறகு தீக்கான கைப்பிடியை இழுத்தால் அல்லது பொத்தானை அமுக்கினால், எரிபொருளும் ஹைட்ராலிக் எண்ணெயும் வரும் வழிகள் அடைபடும், மின்னாக்கியும் துண்டிக்கப்படும்.

எந்த எஞ்சின் என்பதை இரு விமானிகளும் சேர்ந்து உறுதி செய்கிறார்கள். இந்தக் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1989 ஜனவரி 8-ஆம் நாள் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே நடந்த விபத்தே சாட்சி. பழுதானது இடது எஞ்சின். நிறுத்தப்பட்டதோ வலது எஞ்சின். 47 பேர் மாண்டனர்.

அதன் பிறகே மருந்து. பெரும்பாலான விமானங்களில் அது ஹேலன் 1301 என்னும் வாயு. நைட்ரஜன் அழுத்தத்தோடு உருண்டைக் கலத்தில் அடைபட்டிருக்கும். பொத்தானை அமுக்கியதும் சிறு வெடி ஒன்று மூடியை உடைக்க, வாயு எஞ்சின் கூட்டுக்குள் பாய்ந்து, எரியும் வேதிவினையையே அறுத்துவிடும். 30 விநாடி கழித்தும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் இரண்டாவது கலம். பொதுவாக ஓர் எஞ்சினுக்கு அவ்வளவுதான், மூன்றாவது கிடையாது. ஹேலன் ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. விமானத் துறை இன்றும் பழைய இருப்பை மறுசுழற்சி செய்தே பெரிதும் சமாளிக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. மருந்து பாய்வது எஞ்சினுக்கும் அதன் வெளிக்கூட்டுக்கும் இடையே உள்ள பகுதியில் மட்டும். எஞ்சினை முடுக்கும்போது சில வேளை பின்புறக் குழாயில் தீ எழும். அங்கே மருந்தும் எட்டாது, எச்சரிக்கை மணியும் அடிக்காமல் போகலாம். எரிபொருளை நிறுத்தி, எஞ்சினைச் சுழலவிட்டுக் காற்றாலேயே அதை ஊதி அணைப்பார்கள். அதனால் ஜன்னல் வழியே தீயைப் பார்த்தால் 'விமானிக்குத் தெரிந்திருக்கும்' என்று சும்மா இருக்காதீர்கள். உடனே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள்.

தீ இறக்கைக்குப் பரவினால்? 2016 ஜூன் 27-ஆம் நாள் அதிகாலை, சிங்கப்பூரிலிருந்து மிலானுக்குப் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 777 விமானம், எஞ்சின் எண்ணெய்க் கோளாறு காட்டியதால் வழியிலேயே திரும்பியது. எரிபொருளும் எண்ணெயும் அருகருகே ஓடும் கருவியில் ஒரு குழாய் விரிசல் விட்டு, எரிபொருள் கசிந்திருந்தது. சாங்கியில் தரையிறங்கியதும் தீ மூண்டு வலது இறக்கை எரிந்தது. உள்ளே 241 பேர். அவர்கள் விமானத்துக்குள்ளேயே இருக்க, நிலையத் தீயணைப்புப் படையினர் சில நிமிடங்களில் தீயை அணைத்தனர். பின்னர் எல்லாரும் படிக்கட்டு வழியே இறங்கினர். யாருக்கும் காயமில்லை.

'அப்படியானால் உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் நல்லதா?' என்று கேட்பீர்கள். இல்லை. 1985 ஆகஸ்ட் 22-ஆம் நாள் மான்செஸ்டரில், எஞ்சின் உடைந்த துண்டு இறக்கையின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. தீயை விமானத்தின் உடல் பக்கம் காற்று தள்ளியது. அங்கே ஒவ்வொரு விநாடியும் உயிர். இறந்த 55 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை.

ஒரே மாதிரித் தீ. ஓரிடத்தில் இருப்பது பாதுகாப்பு, ஓரிடத்தில் ஓடுவது பாதுகாப்பு. தீ எந்தப் பக்கம், காற்று எந்தத் திசை, எந்தக் கதவைத் திறக்கலாம் என்பதெல்லாம் இருக்கையில் இருக்கும் நமக்குத் தெரியாது. ஆகவே பணியாளர் 'இருங்கள்' என்றால் இருப்போம். 'வெளியேறுங்கள்' என்றால், மேலே வைத்த பையை மறந்துவிட்டு வெளியேறுவோம். உங்கள் பை அடைக்கும் வழி, பின்னால் வருபவரின் உயிர் போகும் வழியாகிவிடக் கூடாது.