கையடக்கத் திரையிற் சித்திரக்கதை

கடந்த தவணையில் எமது நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் தாமே வரைந்த சித்திரக்கதை ஒன்றை, மாணவி ஒருத்தியின் மின்வாசிப்புக் கருவியில் ஏற்றிப் பார்த்தோம். படங்கள் அழகாகவே தெரிந்தன. அவள் வாசிக்கத் தொடங்கியதும் 'தம்பி' 'தமபி' ஆனான். 'வந்தான்' 'வநதான' ஆயிற்று. பிழை பிள்ளையினுடையதன்று. புள்ளிகள் திரையில் மறைந்துவிட்டன.

ஆறு அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை அளந்த அளவு. அதன் அகலம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர், உயரம் 12. பிள்ளைகள் வரைந்த தாளோ 21க்கு 29.7. அது திரையில் அடங்கும்போது எழுத்துப் பாதிக்கும் குறைவாகச் சுருங்குகின்றது. நாவலாயின் எழுத்தைப் பெருப்பிக்கலாம். கருவி வரிகளைத் தானே திருப்பி அடுக்கிக்கொள்ளும். சித்திரக்கதையிலோ எழுத்தும் படத்தின் ஒரு பகுதியே.

ஏட்டுச்சுவடிகளிலும் புள்ளி இடுவதில்லைதான். அன்றைய புலவர்கள் இடம் நோக்கிப் படித்தனர். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது இயலுமா? இரண்டு முறை தடுக்கினால் தமிழ் கடினமென்று ஆங்கிலக் கதைக்குத் திரும்பிவிடும்.

யப்பானிய மங்காவை இதே திரையிற் பிள்ளைகள் தடையின்றிப் படிக்கின்றனர். அது பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், சிறு நூலாக வெளிவருவது. ஒரு கட்டத்திற் சொற்களும் குறைவு. வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. நாம் முடிவிலிருந்து தொடங்கி மாணவரின் நகைப்புக்கு ஆளானோம்.

எமக்கு வாசிப்பிற் பசியை உண்டாக்கியதும் சித்திரக்கதையே. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தனது முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. யாழ்ப்பாணத்தில் நாம் சிறுவராயிருந்த காலத்தில், அட்டை கிழிந்த பிரதிகள் பல கைகள் மாறி எம்மிடம் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றையேனும் நாம் புறப்பட்டபோது எடுத்துவர முடியவில்லை. அந்த மாயாவி 1962இல் இலண்டனில் வெளிவந்த 'வாலியன்ட்' வார இதழிற் பிறந்தவன் என்பதை இங்கு வந்த பின்னரே அறிந்தோம்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கருவியைக் குறுக்காகத் திருப்பி, பக்கத்தைப் பாதி பாதியாகப் படிக்கச் செய்யுங்கள். ஓரத்து வெற்றிடத்தையும் நீக்கினால் எழுத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். கட்டம் கட்டமாகப் பெருப்பிப்பதை நாம் விரும்புவதில்லை. மின்மைத் திரை மெதுவாகவே மாறும், பிள்ளையின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிடும்.

எமது வகுப்பினர் இப்போது அக்கதையைப் பாதித் தாளில், பக்கத்துக்கு நான்கு கட்டங்களாகத் திருப்பி வரைகின்றனர். புள்ளிகளைத் தடித்த பேனையால் இடுகின்றனர்.