கைப்பிடிச் சுவரும் மதிய மணியும்



தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவை மே முதல் நாளுக்கென 1955இல் ஏற்படுத்தினார் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர். நம் எம். புதுப்பட்டிப் பக்கம் அது கொளுத்தும் வெயிலில் வருகிற விழா. பட்டாசு ஆலை அறைக்குள் மருந்தும் சூடேறும், மனிதரும் சோர்ந்துபோகும் காலம்.

இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில், பலரும் தாண்டிப் போய்விடுகிற ஒரு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு யாராவது விழுந்து இறந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவர் ஏன் ஓரத்துக்குப் போனார் என்று அந்தக் கட்டளை கேட்கவில்லை. மனிதர் கவனம் தவறுவார் என்பது ஆண்டவருக்குத் தெரியும். அதனால்தான் சுவரைக் கட்டச் சொல்கிறார். அதையும் வீட்டுக்காரரிடம் சொல்கிறார். விபத்து நடந்த மறுநாள் டீக்கடையில், "அவதான் கவனமில்லாம உரசிட்டாளாம்" என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு இந்தக் கட்டளையில் இடமில்லை.

பட்டாசு ஆலையின் கைப்பிடிச் சுவர் எது? ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. மரத்தடியில் வைத்து மருந்து செலுத்தக் கூடாது. அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும்; அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேரைப் பறிகொடுத்தோம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2023 அக்டோபர் 17 அன்று நமக்குப் பக்கத்திலேயே ரெங்கபாளையத்தில் பத்துப் பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள்.

ஓய்வும் ஒரு கைப்பிடிச் சுவர்தான். ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணியாவது இடைவேளை, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வரையறுத்தது. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் யார் எழுந்து போவார்? தூக்குவாளியைத் திறந்து பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு அந்தத் தாய் மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். பேராசை அல்ல, குழு லோன் தவணையும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும். மாலையில் மிச்ச மருந்தைத் தீர்க்கும் அவசரம் வருகிறபோது அவருடைய கை ஏற்கெனவே களைத்திருக்கிறது.

பார்வோனும் எண்ணிக்கை வைத்தவன்தான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. அந்தச் சூளையிலிருந்து வெளியே வந்த மக்களுக்குத்தான் ஆண்டவர் ஓய்வுநாளைக் கொடுத்தார். அடிமைக்கும், மாட்டுக்கும், கழுதைக்கும்கூட அதில் பங்கு உண்டு. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், சுரங்கம் போன்ற கடுமையான இடங்களில் உழைப்போருக்கு வேலை நேரம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும் என்றார். நம்மிடமோ, ஆபத்து கூடுகிற தீபாவளி நெருக்கத்தில்தான் நேரமும் கூடுகிறது.

முதலாளிகள் இந்த உரையைக் கேட்கிறார்களோ என்னவோ. போர்மேன்களாகவும் கண்காணிகளாகவும் இருக்கிற நம் பங்கு மக்கள் கேட்கிறீர்கள். நாளை மதியம் மணியடித்ததும் முதலில் நீங்கள் எழுந்து வெளியே வாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை அந்த அறையில் யாரும் எழப்போவதில்லை.