பொறியாளருக்கு மேலாண்மை எதற்கு?

பாலம் கட்டவும் பொறிகளை வடிவமைக்கவும் கற்கும் மாணவர் எதற்காகச் செலவுக் கணக்கையும் மேலாண்மையையும் படிக்க வேண்டும்? பொறியியல் கல்லூரிகளில் நெடுங்காலமாக எழுந்து வரும் கேள்வி இது. இதற்கு விரிவாக விடை கூறிய முன்னோடிகளுள் ஒருவர் வணிகரும் அல்லர், பொருளியல் பேராசிரியரும் அல்லர். அவர் ஒரு சுரங்கப் பொறியாளர். பெயர் ஹென்றி ஃபயோல், நாடு பிரான்சு.

குதிரை கற்பித்த பாடம்

1841இல் பிறந்த ஃபயோல், 1860இல் செயின்ட் எத்தியென் சுரங்கப் பள்ளியில் பட்டம் பெற்றுக் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு ஒரு நாள் சுரங்கத்தில் வேலை செய்த குதிரையொன்றின் கால் முறிந்தது. வேறு குதிரை வேண்டுமென்று ஃபயோல் சீட்டு எழுதி அனுப்பினார். இயக்குநரின் கையொப்பம் இல்லை என்று கூறி, குதிரை தர இலாயக்காரர் மறுத்துவிட்டார். இயக்குநரோ அன்று ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக முடிவெடுக்க எவரும் நியமிக்கப்படவும் இல்லை. இலாயத்தில் குதிரைகள் இருந்தும் சுரங்கத்தின் அந்தப் பகுதியில் வேலை நின்றது.

இங்கே பழுது எதில் என்று எண்ணிப் பாருங்கள். பொறியில் பழுதில்லை, நிலக்கரிக்கும் குறைவில்லை. அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் பழுது! எந்தத் தொழிலகத்திலும் பொறுப்பாளர் இல்லாத வேளையில் அவருக்குப் பதிலாள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்ற பாடத்தை ஃபயோல் இதிலிருந்து பெற்றார்.

பதவி உயர உயர...

1888இல் அதே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது நிறுவனம் நலிந்து கிடந்தது. அதை மீண்டும் தலைநிமிரச் செய்தவர், தம் பட்டறிவைத் தொகுத்து 1916இல் வெளியிட்டார். திட்டமிடல், அமைப்பாக்கல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் ஆகிய ஐந்துமே மேலாண்மையின் கூறுகள் என்பது அவர் கருத்து.

பெரிய தொழிலகத்தில் ஒவ்வொருவருக்கும் எந்தத் திறமை எவ்வளவு வேண்டும் என்று அவர் ஓர் அட்டவணையும் தந்தார். தொழிலாளிக்குத் தொழில்நுட்பத் திறமை 85 பங்கு, மேலாண்மைத் திறமை 5 பங்கு. ஃபோர்மனுக்கு இவை முறையே 60, 15. தொழில்நுட்பப் பிரிவின் தலைவருக்கு 30, 35. மேலாளருக்கு 15, 40. இவை அளந்து கண்ட எண்கள் அல்ல. அவருடைய அனுபவ மதிப்பீடுகளே. எனினும் அவை காட்டும் போக்கை மறுக்க முடியாது. பொறியாளராக நுழைபவர் உயர உயர, கல்லூரியில் படிக்காத வேலையே அவருக்குப் பெரும்பங்காகிறது. ஆகவே, பொறியியல் பள்ளிகள் உயர்கணிதத்திற்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்து, மேலாண்மையை அறவே விட்டுவிட்டன என்று ஃபயோல் குறை கூறினார்.

ஒரு பம்ப் பட்டறைக் கணக்கு

மேலாண்மைக்கு வேண்டிய கணிதம் எத்தகையது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பட்டறையில் பம்புகள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, மாதச் சம்பளம், கடன் வட்டி ஆகியவற்றுக்கு மாதம் 60,000 ரூபாய் ஆகிறது. பம்பு ஒன்றுகூடச் செய்யாவிட்டாலும் இச்செலவு உண்டு. இது நிலைச் செலவு. வார்ப்பு, செப்புக் கம்பி, மின்சாரம், கூலி என ஒவ்வொரு பம்புக்கும் ஆவது 2,000 ரூபாய். இது மாறும் செலவு. விலை 2,500 ரூபாய்.

ஒரு பம்பு விற்றால் 500 ரூபாய் மிஞ்சும். 60,000ஐ 500ஆல் வகுத்தால் 120. மாதம் 120 பம்பு விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 150 விற்றால் 15,000 ரூபாய் இலாபம்.

இப்போது ஓர் இளம் பொறியாளர் புதிய இயந்திரம் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். அது பம்புக்கு 100 ரூபாய் மிச்சப்படுத்தும். ஆனால் கடன் தவணையும் பராமரிப்பும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய் கூடும். தொழில்நுட்ப நோக்கில் இது சிறந்த இயந்திரமே. வாங்கலாமா?

இனி ஒரு பம்புக்கு மிஞ்சுவது 600 ரூபாய்; நிலைச் செலவு 78,000 ரூபாய். இலாப நட்டமற்ற நிலை 120இலிருந்து 130க்கு ஏறிவிடுகிறது. 150 பம்பு விற்றால் கிடைப்பது 12,000 ரூபாய்தான். முன்னைவிட 3,000 குறைவு! மாதம் 180 பம்புக்கு மேல் விற்றால்தான் புதிய இயந்திரம் ஆதாயம் தரும். அவ்வளவு விற்குமா என்பதற்கு இயந்திரத்தின் வரைபடம் விடை சொல்லாது, சந்தைதான் சொல்லும். விற்பனை 120க்கு இறங்கினால் பழைய ஏற்பாட்டில் பட்டறை தாக்குப்பிடித்திருக்கும். புதியதில் மாதந்தோறும் 6,000 ரூபாய் நட்டம். அங்கு வேலை செய்வோரின் கூலிக்கும் அதனால் ஆபத்து.

எப்படிக் கற்பிப்பது?

இக்கணக்கிற்கு வேண்டியவை கூட்டலும் வகுத்தலுமே. வேண்டிய கேள்வியைக் கேட்கும் பழக்கம்தான் அரிது. அப்பழக்கம் ஃபயோலின் பதினான்கு கோட்பாடுகளை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிப்பதால் வராது. மாணவர் செய்யும் ஒவ்வொரு வடிவமைப்புப் பயிற்சியோடும் மூன்று வினாக்களைச் சேர்த்தால் போதும். இதற்கு என்ன செலவாகும்? எத்தனை விற்றால் கட்டுபடியாகும்? முடிவெடுக்க வேண்டியவர் இல்லாதபோது யார் முடிவெடுப்பார்?

நீங்கள் பொறியியல் மாணவராயின், அடுத்த முறை ஒரு பொறியை வரையும்போது தாளின் ஓரத்தில் இம்மூன்று வினாக்களையும் எழுதி விடை காண முயலுங்கள். பொறி ஓடுமா என்பதோடு, அதை ஓட்டும் தொழில் நிலைக்குமா என்பதும் உங்களுக்கு விளங்கத் தொடங்கும்.